வியாழக்கிழமை நோன்பு

கல்முனையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மச்சான் வந்திருந்தான். என் மனைவியின் தம்பி. எப்போதும் ஓடிவந்து கட்டிப்பிடிக்கிறவன் அன்று ஸலாம் மட்டும் சொன்னான். கைகள் இரண்டும் சாரத்தை இறுக்கிப் பிடித்திருந்தன. கடையில் பிளேன்டீ குடித்தோம். அவன் தள்ளி நின்று குடித்தான். சாய்ந்தமருதுக்கு நடந்தபோது எனக்கு முன்னால் வெகு தூரத்தில் போனான். எனக்கு விளங்கிவிட்டது.

அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. நான் மருந்து கலக்கப் படித்தவன். மாலைதீவுப் பக்கம் ஒரு தீவில் குட்டநோய்க்காரருக்குப் புண் கழுவிக் கட்டத் தொண்டர் வேண்டும் என்று கொழும்பில் கேட்டார்கள். ஐந்து மாதக் கர்ப்பிணியான மனைவியை விட்டுவிட்டுக் கப்பலேறினேன். மனைவியின் தகப்பன், மாமா, அப்போதே கோபத்தில் குதித்தார்.

"நன்மை தேட அங்க போகணுமா மருமகன்? மாந்தீவுக் குட்டாஸ்பத்திரி நம்மட மட்டக்களப்பு வாவிக்குள்ளதானே கிடக்கு. அங்க வருத்தக்காரன் இல்லையா?"

இப்போது ஏழு மாதம் கழித்துத் திரும்புகிறேன். மகளுக்கு மூன்று மாதம். முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தவன் பெண் வீட்டில்தான் குடியிருப்பான். மாமா உள்ளே விட்டால்தான் எனக்கு மனைவியும் பிள்ளையும்.

"கிணத்தடியில நல்லாக் குளிங்க. உடுப்ப வெளியிலயே வைங்க" என்றார் மாமா.

குளித்துவிட்டு வந்தேன். நான் கொண்டுவந்த மாசிக் கருவாட்டுக் கட்டு வாசல் படலையடியிலேயே கிடந்தது. மாசிச் சம்பல் என்றால் உயிரை விடுகிற மாமி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. காகம் கொத்திக்கொண்டிருந்தது. உள்ளே பிள்ளை அழுதது. நான் எட்டு வைத்ததும் மாமா அறைவாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"என்ன அவசரம்? முதல்ல சாப்பிடுங்க. புள்ளயத் தூக்கிற கதைய மறுகா பாப்பம்."

எங்களில் ஆண்கள் நாலைந்து பேர் ஒரே பெரிய தட்டைச் சுற்றியிருந்து சாப்பிடுவோம். சஹன் என்போம். மாமி சோற்றையும் இறைச்சிக் கறியையும் போட்டுச் சஹனைப் பாயில் வைத்தார். நான் இருந்தேன். மாமா, அவருடைய தம்பி, மச்சான், மூவரும் நின்றுகொண்டேயிருந்தார்கள்.

"வாங்களன்" என்றேன்.

மாமாவின் தம்பி தொண்டையைச் செருமினார். "இண்டைக்கு வியாழக்கிழமையெலுவா. நான் சுன்னத்து நோன்பு."

திங்களும் வியாழனும் விரும்பினவர் பிடிக்கிற நோன்பு அது. வாயில் வெற்றிலைச் சிவப்பு இன்னும் காயவில்லை, மனிதருக்கு!

"நானும் நோன்புதான்" என்றான் மச்சான். என் கண் முன்னால் தேத்தண்ணி குடித்தவன்.

மாமாவைப் பார்த்தேன். அவர் பொய் சொல்லிப் பழகாதவர். சுவரைப் பார்த்துக்கொண்டு, "நானும்" என்றார்.

எனக்குத் தலை கொதித்தது. சஹனைத் தூக்கி முற்றத்தில் அடித்திருப்பேன். அடிக்காமல் விட்டதற்குப் பொறுமை காரணமில்லை. அந்தப் பொய்யை எனக்கு நன்றாகத் தெரியும்.

தீவை விட்டுப் புறப்படுகிற அன்று வருத்தக்காரர்கள் எனக்கு விருந்து வைத்தார்கள். விரல் மழுங்கிய ஆறு பேர் ஒரு தட்டைச் சுற்றியிருந்து, தங்களுக்கு இடையில் எனக்கு இடம் விட்டுக் காத்திருந்தார்கள். ஏழு மாதம் அவர்களின் புண்ணைக் கழுவியவன், சோற்றில் அந்தக் கைகளைக் கண்டதும் ஓரடி பின்வாங்கினேன். "இன்றைக்கு நோன்பு" என்றேன். யாரும் மறுத்துக் கேட்கவில்லை. ஒருவர் மட்டும் மொட்டைக் கைகளை ஏந்தி, என் நோன்பை அல்லாஹ் ஏற்றுக்கொள்ளட்டும் என்று துஆக் கேட்டார்.

அறைவாசலில் தொங்கிய சேலை விலகியது. மனைவி பிள்ளையோடு வந்து எனக்கு எதிரே பாயில் இருந்தாள். தகப்பனுக்கு முன்னால் புருஷனோடு சஹனில் இருந்த பெண்ணை எங்கள் ஊர் கண்டதேயில்லை.

"எல்லாரும் நோன்பு. நான் புள்ளைக்குப் பால் குடுக்கிறவ. எனக்கு நோன்பில்ல" என்றாள். சொல்லிவிட்டுச் சோற்றை அள்ளி வாயில் போட்டாள்.

"பால் குடுக்கிற நீயா இதுல கை வைக்கிற!" மாமா கத்தினார்.

"ஓம் வாப்பா. அதாலதான் பசிக்குது."

பிள்ளையை என் பக்கம் நீட்டினாள். எனக்கு வாங்கக் கை எழவில்லை.

"நானும் அங்க அந்த மனிசருக்கிட்ட நோன்பெண்டுதான் சொன்னேன்" என்றேன், எல்லாரும் கேட்க. "பொய்."

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். நீட்டிய பிள்ளையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப முதல்ல அந்த நோன்பப் பிடிங்க. மறுகா புள்ளயத் தூக்கலாம்."

நாலு நாள் வெளி விறாந்தையில் படுத்தேன். உள்ளே பிள்ளை அழும்போதெல்லாம் எழும்பி உட்காருவேன். திங்கட்கிழமை நோன்பு பிடித்தேன்.

பொழுது சாய்ந்து, நோன்பு திறக்க மஃரிப் பாங்கு சொல்கிற நேரம் மாமி சஹனை வைத்தார். மாமா வந்து என் எதிரே இருந்தார். உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. விடிந்ததிலிருந்து அவர் வெற்றிலை போடவில்லை என்று மாமி சொன்னார். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை என்னிடம் தந்தார். பிறகு சஹனில் கை வைத்தார்.

சாப்பிட்டு முடிந்ததும் மனைவி மகளை என் மடியில் வைத்தாள். நான் வாய்விட்டு அழுதேன். மகளைக் கண்ட சந்தோஷம் என்று எல்லாரும் நினைத்தார்கள். மனைவி மட்டும் அப்படி நினைக்கவில்லை. அந்த ஆறு பேரோடு சஹனில் கை வைக்க அந்தத் தீவுக்கு நான் திரும்பிப் போகவேயில்லை.