டிஸ்கில் வைத்த பொட்டு

ஜீவனஹள்ளியில் பெனடிக்டின் ஷெட்டில் பிரேக் வேலை மட்டும்தான் நடக்கும். சக்கரத்துக்குள் சுழலும் பிரேக் டிஸ்கில் எண்ணெய் பட்டால் பிரேக் வழுக்கும்; அதில் யாராவது எண்ணெய்க் கையை வைத்தால் அவருக்குப் பொறுக்காது. வாடிக்கையாளர் என்றும் பார்க்காமல் கத்துவார்.

1999இல் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்த பிரசன்னா தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார். எடுப்பாகத் தெரிய, துளை போட்ட டிஸ்க் வேண்டும் என்றார்.

"ஓட்டை போட்டது ஷோவுக்கு சார். நம்ம ரோட்டுக்கு சாதா டிஸ்க்தான் தாங்கும்," என்று பெனடிக்ட் தடிமனான சாதா டிஸ்கையே மாட்டினார்.

மறுநாள் ஆயுதபூஜை. காரை எடுக்க வந்த பிரசன்னா, நல்லெண்ணெயில் குழைத்த குங்குமம் கொண்டுவந்து பானெட்டுக்குப் பொட்டு வைத்தார். பிறகு சக்கர இடைவெளியில் விரலை விட்டு, பளபளத்த புது டிஸ்குகளிலும் தாராளமாகத் தீற்றினார். பெனடிக்டுக்கு வாய் வரை வந்தது. ஆனால் இது சாமி காரியம். சர்ச்சுக்குப் போகிறவன் தடுத்தால் வேறு மாதிரி ஆகிவிடும் என்று பேசாமல் நின்றார்.

கிளம்பிய கார் தெருமுனையில் பிரேக் பிடிக்காமல் மணல் குவியலில் ஏறி நின்றது. பெனடிக்ட் ஓடினார்.

பிரசன்னா பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பாத்தீங்களா, பொட்டு வெச்சதாலதான் தப்பிச்சேன்! அடுத்த வருஷமும் மறக்காம டிஸ்குக்கு வெக்கணும்."

அடுத்த வருஷம் குங்குமக் கிண்ணத்தை பெனடிக்ட் முந்திக்கொண்டு வாங்கினார். "குடுங்க சார், நானே வெக்கிறேன்."

குனிந்து, பக்தியோடு, டயருக்கு வைத்தார்.