ஆமென் வரும் வரை

நாகமலை புதுக்கோட்டையில், தேனி ரோட்டின் பஸ் ஹாரன் கேட்கிற தூரத்தில்தான் பாக்கியசீலியின் வீடு. தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து வருஷக்கணக்காகக் கூட்டத்தை அதட்டிப் பழகியவள். வீட்டிலும் அதே அதட்டல்தான். சாயங்காலம் குடும்ப ஜெபம் நடக்கும்போது, ஒருவர் ஆமென் சொல்லி முடிக்கும் வரை மற்றவர்கள் கண்ணைத் திறக்கக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது, குறுக்கே பேசவே கூடாது. ஒரு தடவை ஜெபத்தின் நடுவே சிலிண்டர்காரர் மணியடித்துவிட்டார் என்று அவள் புருஷன் ஞானதுரை எழுந்து ஓடினார். அன்றைக்குப் போட்ட சட்டம் அது. அது தன் தலையிலேயே வந்து விடியும் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

ஒரே மகன் ஓசூருக்கு வேலைக்குப் போய், கிறிஸ்துமஸுக்கு மட்டும் முகம் காட்டுகிறவனாக ஆன பிறகு வீடு வெறிச்சென்று கிடந்தது. வளர்ப்புப் பெற்றோர் தேவைப்படுகிறார்கள் என்று சபையில் யாரோ சொன்னபோது, ஒரு பிள்ளையை வைத்துப் பார்ப்பதென்ன மலையைப் புரட்டுகிற காரியமா என்று கேட்டுவிட்டாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள் என்பது ஞானதுரையின் கட்சி. அப்படி வந்து சேர்ந்தவள்தான் ஒன்பது வயது தாமரைச்செல்வி. உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு சின்ன ஊர், அப்பா இல்லை. அம்மா பாண்டிமீனா, களையெடுக்கப் போன வேன் கவிழ்ந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகிவிட்டாள்.

இது தத்து இல்லை, தாய் எழுந்து நடமாடும் வரைக்கும்தான் என்று, பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட அதிகாரி கண்டிப்பாகச் சொன்னார். பிள்ளையின் சாமியை மாற்றக் கூடாது, ஜெபத்துக்கு வற்புறுத்தவும் கூடாது. பாக்கியசீலி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். தன்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டால் போதும் என்றாள். தாய்க்காரி சுகமாக வேண்டும் என்று தினமும் ஜெபம் பண்ணுகிறேன் என்று பிள்ளையிடம் அவளாகவே வாக்கும் கொடுத்தாள்.

முதல் மாதம் அவளுக்கு மூச்சு முட்டியது. தாமரை செருப்புகளைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டாள். கேட்ட கேள்விக்கு வாயைத் திறக்க மாட்டாள். தலையணைக்கடியில் சப்பாத்தியை ஒளித்துவைத்து மெத்தையெல்லாம் எறும்பு. காச்சுமூச்சென்று கத்தித் தீர்த்தாள் பாக்கியசீலி. அப்புறம்தான், நாளைக்குச் சோறு கிடைக்குமோ கிடைக்காதோ என்று பயந்த பிள்ளை செய்கிற வேலை இது என்று உறைத்தது. கத்தியதற்கு வெட்கப்பட்டாள். ஒரு டப்பா நிறைய முறுக்குப் போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

ஜெபத்துக்கு யாரும் தாமரையைக் கூப்பிடவில்லை. அவள் மூலையில் உட்கார்ந்து வேடிக்கை மட்டும் பார்த்தாள். பார்த்ததில், ஜெபம் பண்ணுகிறவரை இந்த வீட்டில் யாராலும் தடுக்க முடியாது என்பது அவளுக்கு விளங்கிப்போயிற்று. ஒருநாள் தானாக வந்து உட்கார்ந்து கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, இந்த வாரம் மூணு நாளு பீட்ரூட்டு. பெரியம்மாட்டச் சொன்னா வையிறாங்க, அதான் ஒங்ககிட்டச் சொல்றேன். எங்க கருப்பசாமிட்டயும் சொல்லிருங்க. ஆமென்."

ஞானதுரைக்கு வந்த இருமல் உண்மையான இருமல் இல்லை. பாக்கியசீலிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனால் சட்டம் அவள் போட்டதாயிற்றே. மறுநாள் தன் முறை வந்ததும், டிபன் பாக்ஸைப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கவிழ்க்கிற சிறு கைகளைக் கண்டித்தருளும்படி பரம பிதாவை நீட்டி முழக்கிக் கேட்டுக்கொண்டாள். அதற்கடுத்த நாள், பெரியம்மா ஜடை பின்னும்போது முடியை வேரோடு பிடுங்குகிறார் என்று மேலே புகார் போயிற்று. அதற்கும் பதில் ஜெபம் வந்தது. ஆண்டவருக்கு அந்த வீட்டில் பஞ்சாயத்துப் பண்ணவே நேரம் சரியாக இருந்தது. பாக்கியசீலி அடுப்படியில் நின்று தனியாகச் சிரித்துக்கொள்வாள். இத்தனை வருஷத்தில் சாயங்காலம் எப்போது வரும் என்று அவள் காத்திருந்தது இப்போதுதான்.

பாண்டிமீனா வாக்கரைப் பிடித்து நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று ஒருநாள் போன் வந்தது. அன்றைக்குத் தாமரையின் ஜெபத்தில் சாப்பாட்டுப் பேச்சே இல்லை.

"ஆண்டவரே, பெரியம்மா எல்லாத்துக்கும் நிறுத்தி நிதானமா ஜெபம் பண்றாங்க. எங்கம்மாவுக்கு மட்டும் கடகடன்னு சொல்லி முடிச்சிர்றாங்க. ஏன்னு கேளுங்க. ஆமென்."

ஞானதுரை இருமவில்லை. பாக்கியசீலி கண்ணைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். பிள்ளை சொன்னது நிஜம். அந்த இடம் வந்தாலே அவள் நாக்கு ஓட்டம் பிடிக்கும். அந்த ஜெபம் பலித்தால் பிள்ளை போய்விடும். தாய் சுகமாகக் கூடாது என்று அவள் நினைத்ததே இல்லை. சீக்கிரம் சுகமாக வேண்டாம் என்று மட்டும் நினைத்தாள். அதை அவள் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. ஒன்பது வயது கண்டுபிடித்துவிட்டது.

பங்குனி பிறந்ததும், பிள்ளையை அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. பாண்டிமீனா ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு தானே வந்தாள். அம்மாவைப் பார்த்ததும் தாமரை ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட விதத்தில் பாக்கியசீலிக்குச் சந்தோஷமும் பொறாமையும் ஒன்றாக வந்தன.

சாயங்காலம் ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தால்தான் உசிலம்பட்டியில் ஊருக்குப் போகிற கடைசி டவுன் பஸ் கிடைக்கும். பையெல்லாம் வாசலில் தயார். பிரயாணத்துக்கு ஒரு ஜெபம் பண்ணி அனுப்புகிறேன் என்றாள் பாக்கியசீலி. தாமரை அம்மாவின் காதில் சட்டத்தை விளக்கிச் சொன்னாள். எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

இந்த ஒரு தடவையாவது நிதானமாகப் பண்ண வேண்டும் என்றுதான் அவள் ஆரம்பித்தாள். பாண்டிமீனாவின் இடுப்புக்காக, காலுக்காக, அந்த வீட்டுக் கூரைக்காக, அடுப்புக்காக, பிள்ளையைத் தூக்கப்போகிற கைக்காக ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னாள். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தேனி ரோட்டில் ஹாரன் கேட்டது. அந்த பஸ்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆமென் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஆடு, கோழி, பக்கத்து வீட்டார், உசிலம்பட்டிச் சந்தை, கோடை மழை என்று அவள் வேண்டிக்கொண்டதெல்லாம் ஜெபம்தானா என்று கேட்டால் சத்தியம் பண்ண முடியாது. யாரும் குறுக்கே பேசவில்லை. ஹாரன் தேய்ந்து போன பிறகுதான் ஆமென் வந்தது.

யாரும் எழுந்திருப்பதற்குள் தாமரை தொடங்கிவிட்டாள்.

"ஆண்டவரே, பெரியம்மா இன்னைக்கு எங்கம்மாவுக்கு மெதுவாப் பண்ணிட்டாங்க. பஸ்ஸு போயிருச்சு. அவங்க வேணும்னுதான் பண்ணாங்க. வையாதீங்க. ஆமென்."

பாக்கியசீலி கண்ணைத் திறக்கப் பயந்தாள். அப்போது, இதுவரை வாயே திறக்காத பாண்டிமீனாவின் குரல் கேட்டது.

"சாமி, எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாது. இந்தக்கா மொகத்தப் பாத்து இதச் சொல்லவும் வராது. எம்பிள்ளைக்கி லீவு விட்டா இங்க கொண்டாந்து விடட்டுமா? நாங்க காலைல மொத பஸ்ஸுக்குப் போயிக்கிறோம்."

அதற்கு ஆமென் சொல்ல வேண்டும் என்பது பாண்டிமீனாவுக்குத் தெரியவில்லை. பாக்கியசீலிதான் சொன்னாள். அப்புறம் மூக்கைச் சிந்திக்கொண்டே எழுந்துபோய், இன்னும் ஒரு உழக்கு அரிசியைக் களைந்து போட்டாள்.