மாரியில் கொடுத்த பத்திரம்

வாடகை வீடுகளின் வயரிங்கைச் சோதித்துப் பத்திரம் எழுதிக் கொடுப்பது என் தொழில். மன்னார்த் தீவில் இந்த வேலை செய்யும் பெண், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. "பொம்பிளைப் பிள்ளை ஏணியில ஏறுமோ?" என்று கேட்டவர்களின் கூரைக்குள்ளும் தலையை விட்டிருக்கிறேன்.

ஓலைத்தொடுவாயில் முன்பு வள்ளம் வைத்திருந்த ஒருவர் வாடகைக்கென்று ஒரு வீடு கட்டினார். மாரி மழையில் போய்ச் சோதித்தேன். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் கம்பிக்கு மீற்றர் பத்துக்குக் கீழே காட்ட வேண்டும், ஏழு காட்டியது. கையெழுத்து வைத்தேன். ஆஸ்பத்திரி நேர்ஸ் ஒருவர் கைக்குழந்தையோடு குடிவந்தார்.

ஆடியில் அவர் எனக்குப் போன் எடுத்தார்.

"அக்கா, வாஷிங் மெஷினில கை வைச்சாக் கூசுது. வீட்டுச் சொந்தக்காரர் சூட்டு உடம்புக்கு அப்பிடித்தான் எண்டுறார். மகன் இப்ப அதைப் பிடிச்சுத்தான் எழும்பி நிக்கிறான்."

"பிளக்கைக் கழட்டுங்கோ. ஒருத்தரும் தொட வேண்டாம். இப்பவே வாறன்."

மழை தராத சோளகக் காற்றில் முற்றத்து மணல் மாவாகப் பறந்துகொண்டிருந்தது. மீற்றர் நூற்றைத் தாண்டியது. மூன்று முறை பார்த்தேன். பிறகு குந்தியிருந்து எர்த் கம்பியின் அடியைக் கையாலேயே கிண்டினேன். முழுக் கம்பி இல்லை. முழங்கை நீளத்துக்கு வெட்டிய துண்டு. கூரைத் தண்ணீர் விழுவதும் அதே இடத்தில். மாரியில் நான் அளந்தது எர்த்தை அல்ல, மழைக் குட்டையை.

துண்டுக் கம்பியைப் புதைத்தவன் மேல் ஆத்திரம் வந்தது. ஆனால் கிண்டிப் பார்க்காமல் எண்ணை நம்பியது நான். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானைக்குக் கீழே குழந்தை நின்றால் அந்தப் பழமொழி உதவாது.

வீட்டுக்காரர் பத்திரத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். "நீங்கள்தானே சரி எண்டு எழுதித் தந்தனீங்கள்? இப்ப பிழை எண்டால் உங்கட பேர்தானே நாறும், பிள்ளை?"

"ஓம் ஐயா, என்ர பிழைதான். நாறட்டும்."

பத்திரத்தை வாங்கி, என் கையெழுத்தின் மேல் கோடு கிழித்து, "தவறு" என்று எழுதித் திகதி போட்டேன்.

மறுநாள் காலையில் முழு நீளக் கம்பி ஒன்றை இறக்கி, அதோடு இன்னொன்றைப் பொருத்தி, ஈர மணலைத் தொடும்வரை சம்மட்டியால் அடித்தேன். பயிருக்கு ஆகாத எங்கள் உப்புத்தண்ணீர் எர்த்துக்கு அமிர்தம். மெஷினுக்குள் உரசிக் கிடந்த வயரையும் மாற்றினேன். மீற்றர் நான்கு காட்டியது. இனி எந்தக் கோடையிலும் வந்து பார்க்கட்டும் என்று மனம் நிமிர்ந்தது.

புதுப் பத்திரத்தை நீட்டினேன். நேர்ஸ் வாங்கவில்லை.

"கோவிக்காதேங்கோ அக்கா. போனமுறையும் பேப்பர் சரியாத்தான் இருந்தது."

சுருக்கென்றது. எனக்கு மூக்கு நுனியில் கோபம். ஆனால் அவர் சொன்னதில் என்ன பிழை? பத்திரத்தைப் பைக்குள் வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினேன். தரையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றி, மெஷினை ஓடவிட்டு, அந்த ஈரத்தில் வெறுங்காலோடு நின்று உள்ளங்கை முழுவதையும் அதன் மேல் வைத்தேன். தகரத்தின் குளிர் மட்டும்தான்.

அவர் என் முகத்தையே பார்த்தபடி நின்றார். பிறகு தன் செருப்பையும் கழற்றிவிட்டு வந்து, என் கைக்குப் பக்கத்தில் கையை வைத்தார். இடுப்பிலிருந்த பிள்ளையை மெல்ல இறக்கிவிட்டார். அவன் மெஷினின் மூலையைப் பிடித்து எழும்பி நின்று, இரண்டு கையாலும் தட்டிச் சிரித்தான்.

எத்தனையோ பேர் என் கையெழுத்தை வாங்கிப் போயிருக்கிறார்கள். ஒருவரும் என்னை அப்படி நம்பியதில்லை.