கேட்கக் கூடாத கேள்வி

கன்னியாஸ்திரியாக நான் வந்திருக்கும் தான்சானிய ஏரிக்கரையில் கருவாட்டு வாசம் அடித்தாலே, மனசு சொந்த ஊரான பெரியதாழைக்குப் போய்விடுகிறது.

கடலுக்குப் புறப்படுகிறவனை எங்கள் ஊரில் 'எங்கே போறீங்க?' என்று கேட்கக் கூடாது. கேட்டால் அன்றைய தொழில் விளங்காது. நான் சிறுமியாக இருந்தபோது இத்தாலியிலிருந்து வந்த சாமியாருக்கு அது தெரியாது. விடியற்காலையில் கரைக்கு வந்து, புதிதாகக் கற்ற தமிழில் ஒவ்வொருவரையும் அன்பாகக் கேட்பார்.

"ஏலே, சாமி கேட்டுட்டாரு. வலைய எறக்குலே" என்று அப்பா திரும்பிவிடுவார். அன்று வீட்டில் வெறும் ரசம்தான்.

சாமியாரிடம் யார் சொல்வது? படகு இறங்கும் நேரத்தில் பெண்கள் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்று அவரைக் கோயிலிலேயே பிடித்து வைத்தார்கள். நான்காம் நாள் சொந்தப் பாவம் தீர்ந்துபோய், அம்மா அத்தையின் பாவத்தைச் சொன்னாள். சாமியார் ஊரின் பக்தியை மெச்சினார்.

அந்தப் பயத்தில் இங்கே படகுக்காரர்களைக் கண்டால் நான் வாயே திறப்பதில்லை. நேற்று ஒரு பெரியவர் மடத்துக்கே வந்துவிட்டார். "எங்கே போகிறீர்கள், பிள்ளைகள் சுகமா என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. சிஸ்டருக்கு எங்கள்மேல் என்ன கோபம்?"

இன்று காலை எல்லோரையும் கேட்டேன். சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டே படகேறிப் போனார்கள். கடைசிப் படகு கரை திரும்பும்வரை நான்தான் ஜெபமாலையும் கையுமாக மணலில் உட்கார்ந்திருந்தேன்.