அப்பா பெயரில் ஒரு லைசென்ஸ்

இந்த ஊரில் எல்லோரும் என்னை என் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். பல் டாக்டரிடம் போனால் "பக்கிரிசாமி", மருந்துக்கடையில் "மிஸ் பக்கிரிசாமி", வங்கியிலிருந்து போன் வந்தாலும் பக்கிரிசாமி. அதையும் நேராகச் சொல்லத் தெரியாமல் நடுவில் மூச்சு வாங்கி, உடைத்து உடைத்துச் சொல்லுவார்கள். வந்த புதிதில் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். எங்கள் திருத்துறைப்பூண்டிப் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி இன்னொருத்தியை அப்பன் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அது சண்டைக்கு அழைப்பு. பின்னலைப் பிடித்து இழுக்காமல் விடமாட்டோம். இங்கே அதுதான் மரியாதையாம். சொந்தப் பெயரான மலர்க்கொடி பாஸ்போர்ட்டோடு நின்றுவிட்டது.

ஊரில் அப்பா எனக்கு ஒற்றை எழுத்து. ப. மலர்க்கொடி. அந்த 'ப'வை யாரும் விரித்துக் கேட்டதில்லை. அப்பாவையே முழுப்பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லையே. வரப்பில் நின்று பண்ணை வீட்டார் "ஏ பக்கிரி" என்று ஒரு குரல் கொடுப்பார்கள். கூப்பிடுகிறவர் அப்பாவை விடப் பாதி வயதுக்காரராகக்கூட இருப்பார். நாற்றுமுடியைப் போட்டுவிட்டு அப்பா ஓடுவார். ஓடும்போதே தோளில் கிடக்கிற துண்டு அக்குளுக்கு வந்துவிடும். பிறகு பண்ணையில் டிராக்டர் வந்தது. அப்பா டிரைவரானார், எங்களைப் படிக்க வைத்தார், அரை ஏக்கர் வாங்கினார். ஆனால் அந்தக் கை மட்டும் பழக்கத்தை விடவில்லை. பெரிய குரல் எங்கே கேட்டாலும் துண்டு இறங்கிவிடும்.

நானும் தங்கையும் இரண்டும் பெண். "பேர் சொல்ல ஒரு பிள்ளை இல்லாமப் போச்சே பக்கிரி" என்று உறவுக்காரர்கள் துக்கம் விசாரிக்கிற மாதிரி விசாரிப்பார்கள். அப்பா சிரித்துக்கொண்டு வெற்றிலை எடுத்து நீட்டுவார்.

கம்ப்யூட்டர் படித்தவர்களை எல்லாம் மூட்டை மூட்டையாக ஏற்றுமதி செய்த காலத்தில் நானும் விமானம் ஏறினேன். வந்து சேர்ந்தது அமெரிக்காவில் மினசோட்டா. வருடத்தில் பாதி நாள் உறைபனி. மதுரைக்காரர் சுரேஷைக் கல்யாணம் செய்துகொண்டேன், மகள் பிறந்தாள். மகளின் பெயருக்குப் பின்னால் சுரேஷ், என் பெயருக்குப் பின்னால் பக்கிரிசாமி. ஒரு முறை விமான நிலையத்தில் அதிகாரி இரண்டு பாஸ்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இந்தக் குழந்தை உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார். பெற்றவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? என் பெயரையும் சுரேஷ் என்று மாற்றிவிடுவதே நல்லது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். "உன் இஷ்டம்" என்றார் இவர். வாடகைக் குடியிருப்பிலிருந்து சொந்த வீட்டுக்கு மாறியபோது வாய்ப்பு வந்தது. வீடு மாறினால் லைசென்ஸில் விலாசத்தை மாற்றியாக வேண்டும். அதோடு பெயரையும் மாற்றிவிடலாம் என்று கல்யாணப் பத்திரத்தைக் கோப்பில் வைத்துக்கொண்டேன். இங்கே லைசென்ஸ்தான் ஆளுக்கு அடையாளம். அதில் மாறினால் மற்றதையும் மாற்றுவது சுலபம்.

அப்போது அப்பா வந்திருந்தார். சம்பா அறுவடை முடிந்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு, அம்மாவைத் தங்கையிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். சித்திரை மாதத்திலும் குரங்குக் குல்லா, ஸ்வெட்டர். அதற்கு மேல் துண்டு. காலையில் காப்பி கொடுக்கும்போது விஷயத்தைச் சொன்னேன்.

"மாத்திக்கம்மா. கல்யாணமான பொண்ணுக்கு அதானே முறை" என்றார். காப்பியை ஆற்றிக்கொண்டே, "ரேஷன் கார்டுலயே உன் பேரை அடிச்சிட்டானுவளே. நீ வெளிநாட்டுல இருக்கேன்னு சிவப்பு மசில ஒரு கோடு" என்றார். குரலில் குறை ஒன்றும் இல்லை. காப்பியைத்தான் ரொம்ப நேரம் ஆற்றிக்கொண்டிருந்தார்.

வீட்டில் தனியாக என்ன செய்வார் என்று அவரையும் லைசென்ஸ் ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் ஓரமாகப் பார்த்து உட்கார்ந்தார். சத்தமே இல்லாமல் இத்தனை பேர் ஒரு சர்க்கார் ஆபீசில் இருப்பது அவருக்கு அதிசயம். "யாரும் செத்துட்டாங்களா?" என்று என் காதில் கேட்டார். அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன்.

கவுண்டரில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணிக்கு அப்பா வயதுதான் இருக்கும். கையிலிருந்த தாளைப் பார்த்துத் தயங்கி, எழுத்தெழுத்தாக, ஆனால் முழுசாகக் கூப்பிட்டார்.

"பக்...கிரி...சாமி?"

நான் கோப்பை எடுத்துக்கொண்டு நிமிர்வதற்குள் அப்பா எழுந்துவிட்டார். துண்டு தோளிலிருந்து அக்குளுக்கு வந்துவிட்டது. "வந்துட்டேங்க" என்று விறுவிறுவென்று நடந்து கவுண்டர் முன்னால் போய் நின்றார்.

அந்த அம்மா அவரைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "நீங்கள்தான் பக்கிரிசாமியா, சார்?"

பெயர் மட்டும் அப்பாவுக்குப் புரிந்தது. ஆமாம் என்று தலையை நம் வழக்கப்படி இரண்டு பக்கமும் ஆட்டினார். இல்லை என்கிறார் என்று அந்த அம்மா எடுத்துக்கொண்டு, "அப்படியானால் பக்கிரிசாமி எங்கே?" என்று கேட்டார். அப்பா இன்னும் பலமாகத் தலையை ஆட்டினார்.

நான் ஓடிப்போய் நடுவில் புகுந்தேன். பெயர் அவருடையது, லைசென்ஸ் என்னுடையது, எங்கள் ஊரில் இப்படித்தான் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "அப்படியென்றால் இந்தப் பெயருக்கு முதல் சொந்தக்காரர் இவர்தான்" என்று சொல்லி, பக்கத்திலிருந்த நாற்காலியைக் காட்டினார். "மிஸ்டர் பக்கிரிசாமி, ப்ளீஸ் உட்காருங்கள்."

அப்பா உட்காரவில்லை. உட்காரலாமா என்று என்னைப் பார்த்தார். அறுபது வயது மனுஷர், மேசைக்கு இந்தப் பக்கம் கிடக்கிற ஒரு நாற்காலிக்கு மகளிடம் அனுமதி கேட்கிறார்.

"உக்காருங்கப்பா. உங்களைத்தான் சொல்றாங்க."

உட்கார்ந்தார். துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

"என்ன மாற்றம் வேண்டும்? விலாசமா, பெயரா, இரண்டுமா?" என்று அந்த அம்மா கேட்டார். கோப்புக்குள் கல்யாணப் பத்திரம் இருந்தது. விமான நிலைய அதிகாரி இன்னும் நூறு தடவை கேட்கட்டும், பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று தோன்றியது.

"விலாசம் மட்டும்" என்றேன்.

படம் எடுத்தார்கள். பழைய அட்டையின் ஓரத்தைக் கத்தரித்துக் கொடுத்தார்கள். புதியது தபாலில் வருமாம். வண்டியில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் அப்பா மெதுவாகக் கேட்டார்.

"பேரை மாத்தியாச்சா?"

"இல்லப்பா. அதுக்கு இன்னொரு நாள் வரணுமாம்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏரியில் பனி உடைந்து மிதந்துகொண்டிருந்தது. "இவ்வளவு தூரம் எதுக்கு இன்னொரு தடவ அலையிற? விட்டுடு" என்றார்.

அப்பா ஊருக்குப் போனபிறகுதான் லைசென்ஸ் வந்தது. மகளின் போட்டோக்களோடு அதையும் கலர் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினேன். அடுத்த வாரம் போனில் அம்மா சலித்துக்கொண்டாள்.

"உங்கப்பா அதை ரேஷன் கார்டு கவர்ல சொருவி வச்சிருக்காரு. கடையில கார்டை நீட்டுறப்பல்லாம் அதுவும் சேந்து வெளிய வருது. யாரு இதுன்னு கேட்டுட்டா போதும், பின்னால நிக்கிறவங்களுக்கு அரிசி கிடைச்ச மாதிரிதான்."

நான் சிரித்தேன். போனை வைத்த பிறகு அழுதேன். எங்கள் குடும்பத்து ரேஷன் கார்டில் என் பெயர் மேல் இன்னும் அந்தச் சிவப்புக் கோடு இருக்கிறது. அதை ஒட்டினாற்போல் அதே கவருக்குள் என் முகம், அதன் பக்கத்தில் அப்பாவின் முழுப்பெயர், கீழே அவர் ஒரே ஒரு சித்திரையில் வந்து தங்கிப்போன வீட்டின் விலாசம்.