மூன்று மொழிக் கம்ப்யூட்டர்

அம்மா குவைத்துக்குப் போன இரண்டாம் வருஷம் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. சித்தப்பா சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சடிக்கும் பிரஸ் ஒன்றில் டிசைனராக இருந்தார். பிரஸ்ஸில் புது மெஷின் வாங்கியபோது பழையதில் ஒன்றை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். லேபிள் கட்டுகளோடு லோடு ஆட்டோவில் ஏறி, சித்தப்பாவின் இரண்டு லுங்கிகளைச் சுற்றிக்கொண்டு அது விருதுநகர் வந்து சேர்ந்தது.

அம்மா குவைத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பாவுக்கு மல்லாங்கிணற்றில் வாத்தியார் வேலை. டியூஷன் முடித்து அவர் பஸ் பிடித்து வருவதற்குள் இருட்டிவிடும். கல்யாணமாகாத சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். ஆனால் தீபாவளி சீசன் தொடங்கிவிட்டால் அவர் அப்பாவுக்கும் பிந்தித்தான் வருவார். நான் ஐந்தாம் வகுப்பு. வீட்டுச் சாவி என் கழுத்தில் கிடக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறந்ததும் முதல் வேலையாக ரேடியோவைப் போடுவேன். பாட்டை விட, நடுவில் வரும் பேச்சுதான் எனக்குப் பிடிக்கும்.

“ஏலே, இதுல தமிழ் வருமாலே?” என்று அப்பா கேட்டார்.

“தமிழ் என்னண்ணே, இந்தியும் வரும். எனக்கு வடநாட்டு லேபிள் ஆர்டர் இருக்குல்ல” என்றார் சித்தப்பா.

ஆனால் உடனே வரவில்லை. ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்தபோது, கோலப்புள்ளிக்குப் பதிலாகக் கட்டம் போட்டதுபோல் திரை முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்கள். இந்திய மொழிகளைக் காட்டுவதற்கான சமாச்சாரம் தனி சிடியில் இருக்கிறது என்று சித்தப்பா சொன்னார். அடுத்த வாரம் பிரஸ்ஸிலிருந்து அதைக் கொண்டுவந்தார். ஓர் இடத்தில் டிக் அடித்தார். சிடி உள்ளே போய் வெகுநேரம் உறுமியது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் கட்டங்கள் இருந்த இடத்தில் எழுத்துகள் வந்து நின்றன. அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியைச் சத்தமாக வாசித்தார்.

கீபோர்டில் ஆங்கிலம் மட்டும்தான் இருந்தது. அதற்குச் சித்தப்பா ஒரு வழி செய்தார். புஸ்வாண லேபிள் அச்சடித்த தாளில் ஓரம் மிஞ்சும் அல்லவா, அந்த வெட்டுத்துண்டில் தமிழ் எழுத்துகளைச் சிவப்பிலும் இந்தி எழுத்துகளைப் பச்சையிலும் பொடியாக அச்சடித்து வந்தார். ஒவ்வொரு விசையிலும் இரண்டு துண்டுகளை நான்தான் பசை தடவி ஒட்டினேன். சில துண்டுகளில் புஸ்வாணத்தின் தங்கப்பொறியும் சேர்ந்து வந்திருந்தது. இந்தித் துண்டு ஒன்றைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன்.

“ஏ புள்ள, மேல கோடு கெடக்கு பாரு, அதான் தலை” என்றார் சித்தப்பா. “புதுப்பட்டிப் பக்கம் கம்பெனில லேபிள் ஒட்டுற பொம்பளைங்க ஒருத்திக்கும் இந்தி தெரியாது. எம்புட்டு வேகமா ஒட்டுறாங்க தெரியுமா? ஒண்ணு மாறாது.”

“படிக்கத் தெரியாம எப்படி?”

“தெனம் பாக்கிற மூஞ்சி மாதிரி. பாத்தாலே தெரிஞ்சுபோகும்.”

வேலை முடிந்ததும் சோதனை நடந்தது. நான் தமிழில் நாலு வரி அடிக்க, அதை அப்பாவின் மெயில் முகவரிக்கு அனுப்பி, அதே கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தார்கள். ஓர் எழுத்தும் பிசகாமல் வந்தது. அப்பா சித்தப்பாவின் முதுகில் தட்டினார்.

அதிலிருந்து ரேடியோவைப் போடுவதை விட்டுவிட்டேன். சாயங்காலமானால் அம்மாவுக்கு எழுதினேன். பின்வாசல் பூனை இரண்டு குட்டி போட்டது, பி.டி. டீச்சர் விசிலைத் தொலைத்தது, அப்பா வைத்த ரசம், எல்லாம் எழுதினேன். அம்மா பதில் போடுவாள். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி, இரண்டு மூன்று வரி: மெயில் வந்தது, நன்றாகச் சாப்பிடு, அப்பா சொல்படி கேள். பூனைக்குட்டிகளுக்குப் பெயர் கேட்டிருந்தேன். அதற்குப் பதிலில்லை. வெள்ளிக்கிழமை போனில், “வந்துச்சாம்மா? தமிழ்லயே வந்துச்சா?” என்பேன். “வந்துச்சு தங்கம்” என்பாள். அவளுடைய போன் கார்டில் காசு ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் பேச்சு அப்பாவிடம் போய்விடும்.

ஒருநாள் சாப்பிடும்போது அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அம்மாவின் வேலை ஒப்பந்தம் முடிகிறது. அவள் ஊர் திரும்பலாம். அல்லது கையெழுத்துப் போட்டு இன்னும் இரண்டு வருஷம் இருக்கலாம். மறுநாள் பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து ஒரே வரி அடித்தேன்.

‘அம்மா கையெழுத்துப் போடாதீங்க வந்துருங்க.’

அந்த வெள்ளிக்கிழமை அம்மா போனில் அப்பாவிடம் கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னாள். என்னிடம் ரிசீவர் வந்தபோது, “சாப்பிட்டியா?” என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். மறுபடி ரேடியோவைப் போட ஆரம்பித்தேன்.

கடிதம் நின்றதைப் பற்றி அம்மா கொஞ்ச நாள் பொறுத்துச் சித்தப்பாவிடம் கேட்டிருக்கிறாள். போனைப் பிடித்துக்கொண்டிருந்த சித்தப்பா திடீரென்று குரலை உயர்த்தினார்.

“கட்டமா? என்ன அண்ணி சொல்றீக? அம்புட்டுமே கட்டமாவா வந்துச்சு?”

ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் ஆங்கிலமும் அரபியும்தான் உண்டு. அதில் வேறெதையும் ஏற்ற அம்மாவுக்கு அனுமதி இல்லை. தமிழ் வருகிறது தமிழ் வருகிறது என்று பிள்ளை குதிக்கும்போது எப்படிச் சொல்வது என்று இத்தனை நாளும் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

சித்தப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். பிரஸ்ஸில் தினமும் செய்கிற வேலைதான். இந்தி டிசைனை அச்சுப் பிளேட் போடுகிற இடத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் எழுத்தையெல்லாம் படமாக மாற்றிவிடுவார்கள். அங்கே அந்த எழுத்து இல்லாவிட்டாலும் படம் அப்படியே போய்ச் சேரும். லேபிளுக்கு மறக்காமல் செய்தவர், வீட்டுக் கடிதத்துக்குச் செய்ய வேண்டும் என்று நினைக்கவில்லை.

“நம்ம வீட்டுலயே அனுப்பி நம்ம வீட்டுலயே பாத்தா வராம என்ன செய்யும்? கூறுகெட்ட வேலை பாத்துட்டோம்ணே” என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு, அனுப்பிய கடிதங்களைத் திறந்து, படமாக்குவது எப்படி என்று காட்டிக்கொடுத்தார். “படமாயிட்டா அப்புறம் ஒரு புள்ளிகூட மாத்த முடியாது. பாத்துச் செய்யி.” காட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

நான் பூனையைப் படமாக்கினேன். விசிலை, ரசத்தை, எல்லாவற்றையும் வரிசையாகப் படமாக்கினேன். கடைசியில் அந்த ஒரு வரி வந்தது. கையெழுத்துதான் போட்டாயிற்றே, இனி இதை அனுப்பி என்ன என்று தோன்றியது. அதை விட்டுவிட்டு மற்றதை அனுப்பினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா முதலில் என்னைத்தான் கேட்டாள்.

“விசிலு கெடச்சுச்சா உங்க டீச்சருக்கு?” என்று சிரித்தாள். “ஒரு பூனைக்குட்டிக்கு மிட்டாய்னு வை. இன்னொண்ணுக்கு நீயே வச்சுக்கோ.” மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, “எல்லாம் வந்துச்சு தங்கம். அந்தச் சின்னது மட்டும் வரலையே?” என்றாள்.

“எதும்மா?”

“ஒத்தை வரியா ஒண்ணு போட்டிருந்தியே. நான் கையெழுத்துப் போட்டதுக்கு முந்தின நாளு வந்துச்சு. அதுல என்ன எழுதியிருந்தே?”

“அது சும்மாம்மா. டைப் அடிச்சுப் பாத்தேன்.”

அந்த முனையில் பேச்சு நின்றுவிட்டது. கார்டில் காசு ஓடுகிறது என்று பாதிக் கேள்வியிலேயே போனை வைக்கிறவள் அம்மா. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து, “ஹலோ, ஹலோ” என்று கத்தினேன்.

அப்பா ரிசீவரை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார்.

“லைன் இருக்கு பாப்பா” என்று சொல்லி, என்னிடமே திருப்பிக் கொடுத்தார். லைன் இருக்கும்போது அம்மா ஏன் பேசாமல் இருக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. ரிசீவரை மறு காதுக்கு மாற்றிப் பார்த்தேன்.