அமலண்ணன் தமக்கு மட்டும் கொடுத்துக்கொண்ட விலக்கு

கோடை லீவில் ஊருக்குப் போயிருந்தேன். புதுக்கோட்டை பேருந்து நிலையத்தில் மகளோடு நின்றிருந்தபோது சவுதியில் நாங்கள் வேலை பார்க்கும் ஜுபைலிலிருந்து ஸ்டெல்லா அக்கா அழைத்தார். "தம்பி, அண்ணன் போயிட்டாவ. காரேஜைக் கழுவிக்கிட்டு நின்னாவ. தண்ணியோட நின்னு ஃப்ரீசர்ல கை வச்சிருக்காவ..." நான் கேட்ட முதல் கேள்வி இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. "நம்ம அண்ணனுக்கா? கரண்டா?" என்று பேருந்து நிலையமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

திரு. அமலதாஸ் அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தூத்துக்குடிக் கடற்கரைக்காரர். ஜுபைலில் எங்கள் கம்பெனிக் குடியிருப்புக்கு எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர். அவருடைய மனைவி ஸ்டெல்லா அக்கா இங்கே மருத்துவமனையில் நர்ஸ். அண்ணனும் நானும் ஒரே விமானத்தில் வந்து இறங்கி, கேம்ப்பில் ஒரே ரூமில் கிடந்து, ஒரே பராமரிப்புப் பிரிவில் இத்தனை வருடம் வேலை பார்த்தவர்கள். வயதில் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், அவ்வளவுதான். ஆனால் கோபத்தில் என்னைவிட ரொம்ப மூத்தவர்.

கேம்ப்புக்கு வந்த புதிதிலேயே அந்தக் கோபத்தைப் பார்த்துவிட்டேன். வெந்நீருக்காக யாரோ பாத்ரூமில் ஹீட்டருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் நேராக வயர் கொடுத்திருந்தார்கள். அண்ணன் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டார். குளிர்காலம் வேறு. ரூமே அவரைத் திட்டியது. "குளுருக்கு நடுங்குனா நடுங்குங்கல. நடுங்குதவன் உசுரோட இருக்கான்லா" என்றார். அன்று நானும் பச்சைத் தண்ணீரில்தான் குளித்தேன்.

பிறகு குடும்பத்துக்கான வில்லாக்கள் எங்கள் பொறுப்புக்கு வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரேஜ். பேர்தான் காரேஜ், கார் வெயிலில் நிற்கும், உள்ளே ஃப்ரீசர் நிற்கும். அந்த ஃப்ரீசரால்தான் அண்ணனுக்கு ஊரெல்லாம் பகை. காரேஜில் உள்ள எல்லா பிளக் பாயிண்ட்டும் இ.எல்.சி.பி. வழியாகத்தான் போக வேண்டும் என்பது அவர் கட்டளை. போன மின்சாரம் முழுதாகத் திரும்பாமல், ஒரு மனிதரின் உடம்பு வழியாகவோ ஈரத் தரை வழியாகவோ கொஞ்சம் கசிந்தாலும் அந்தக் கணமே லைனைத் துண்டித்துவிடும் சாதனம் அது. ஆட்களுக்கு அது பிடிக்காது. ஈரப்பதம் ஏறினால் ட்ரிப்பாகி விழும், ஃப்ரீசர் பழையதானால் விழும், உள்ளே உள்ளதெல்லாம் நாறும். "இது ஃப்ரீசருக்குன்னே தனி பாயிண்ட். வேற எதையும் சொருகப் போறதில்லை. இதுக்கு மட்டும் விட்டுடலாமே" என்பார்கள். படித்த இன்ஜினியர்களும் அதையே சொல்வார்கள், வேறு நாட்டில் அப்படியொரு விலக்கு இருந்ததாக ஆதாரமும் காட்டுவார்கள்.

அண்ணனிடம் எதுவும் எடுபடவில்லை. ஒரு பெரிய அதிகாரி ஃப்ரீசருக்கு இ.எல்.சி.பி. இல்லாத நேர் லைன் கேட்டு இவர் மேல் கம்ப்ளைன்ட் எழுதப் போவதாக மிரட்டியபோது, அரபியும் இங்கிலீஷும் கலந்து அவர் சொன்ன பதில் குடியிருப்பு முழுக்கப் பரவிவிட்டது. "சார், இ.எல்.சி.பி. மாஃபி, கரண்ட் மாஃபி. கலாஸ்." இ.எல்.சி.பி. இல்லையென்றால் கரண்டும் இல்லை, பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

இந்தக் கட்டளை என் வீட்டையும் விட்டுவைக்கவில்லை. ஒரு லீவுக்கு நாங்கள் ஊருக்குப் போயிருந்தபோது எங்கள் காரேஜில் இ.எல்.சி.பி. விழுந்து, ஃப்ரீசரில் இருந்த கறியும் மீனும் புழுத்துப்போயின. திரும்பி வந்து கதவைத் திறந்த என் மனைவி, மூக்கைப் பொத்திக்கொண்டே அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டாள். எங்களுக்காவது நேர் லைன் தரச் சொன்னாள். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். கடைசியில், "நேர் லைன் தரமாட்டேன்மா. எனக்கும் கிடையாது, உனக்கும் கிடையாது. ஒண்ணு செய்யி. இனி லீவுக்குப் போறவங்க எல்லாரும் மீனை என் ஃப்ரீசர்ல வச்சிட்டுப் போங்க. நான்தான் கோடைல எங்கயும் போறதில்லியே, பார்த்துக்கிடுதேன்" என்றார்.

அப்படித்தான் அந்த வழக்கம் வந்தது. லீவுக்குக் கிளம்பும் முன் ஒவ்வொரு குடும்பமும் தன் மீனைப் பொட்டலம் கட்டி அண்ணன் வீட்டில் கொடுக்கும். அவர் பொட்டலத்தின் மேல் பெயர் எழுதி அடுக்குவார். நாங்களும் கொடுத்துவிட்டுத்தான் போனோம்.

அண்ணனின் உடல் ஊருக்கு வந்தபோது தூத்துக்குடிக்குப் போயிருந்தேன். ஆளாளுக்கு ஒன்று பேசினார்கள். "எலக்ட்ரீசியனாம், எலக்ட்ரீசியன்" என்று ஒருவர் முணுமுணுத்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே, "அண்ணன் கைபட்ட போர்டில் தப்பு இருக்காது. கம்பெனி வாங்கிப் போட்ட சரக்குதான் போலி" என்று சத்தம் போட்டேன். நம்பித்தான் சொன்னேன். சத்தியம் செய்யச் சொல்லியிருந்தாலும் செய்திருப்பேன்.

ஜுபைல் திரும்பியதும் அவருடைய வேலையை என்னிடம் கொடுத்தார்கள். முதல் வேலையாக அவர் வீட்டுக் காரேஜ் போர்டைத் திறந்தேன். போலிச் சரக்கு எதுவும் இல்லை. இ.எல்.சி.பி. நல்ல நிலையில் இருந்தது. ஃப்ரீசருக்குப் போகும் வயர் மட்டும் அதைத் தொடாமல், சுற்றிக்கொண்டு நேராக மெயினுக்குப் போயிருந்தது. செய்தது யார் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. வயரைச் செங்கோணத்தில் மடக்கி, முனையில் கறுப்பு டேப்பை மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை மடித்து விடுவது இந்தக் குடியிருப்பில் ஒரே ஒரு கைதான். ஃப்ரீசரின் பிளக்கைக் கழற்றினேன். எர்த் வயர் கழன்று கிடந்தது; கசிந்த கரண்ட் போக வழியில்லாமல் ஃப்ரீசரின் உடம்பிலேயே நின்றிருக்கிறது.

அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. என் வீட்டுக்கு மறுத்தாரே, அந்த அதிகாரிக்கு மறுத்தாரே, எங்கள் எல்லோரையும் அதட்டி உருட்டினாரே! நான் சவப்பெட்டி பக்கத்தில் நின்று ஊரார் முன்னால் போட்ட சத்தத்துக்கு என்ன அர்த்தம்?

டூட்டிக்குத் திரும்பியிருந்த ஸ்டெல்லா அக்காவிடம் கேட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை. "அந்த வாரம் ரெண்டு தடவ விழுந்துட்டு தம்பி. எல்லாரும் நம்பிக் கொடுத்துட்டுப் போயிருக்காவ, கெட்டுப்போனா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பேன்னாவ. எல்லாரும் லீவு முடிஞ்சு வரட்டும், மாத்திருதேன்னாவ."

அது விழுந்தது ஃப்ரீசரில் கசிவு இருந்ததால். அதற்கென்றே வைத்த சாதனம் தன் வேலையைச் செய்தது. இது அண்ணனுக்குத் தெரியாதா? தெரியும். எங்களில் ஒருவருக்குப் போன் போட்டு, "மீன் கெட்டுப்போச்சு, மன்னிச்சிருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எத்தனை பேரிடம் முகத்துக்கு நேராக முடியாது என்று சொன்ன மனிதர்! எங்களைப் பற்றி அவர் அவ்வளவுதான் நினைத்தாரா? மீனுக்காக அவர் மேல் பாய்வோம் என்று எண்ணினாரா? அவர் செய்ததைவிட இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

இதை என்னோடு வைத்துக்கொள்ளத்தான் நினைத்தேன். அதற்குள் பக்கத்து வில்லா சேகர் என்னைத் தேடி வந்தார். "அமலண்ணன் வீட்டுலயே அந்த இ.எல்.சி.பி. காப்பாத்தலையே. அப்புறம் எதுக்குங்க அந்தச் சனியன்? நம்ம காரேஜுக்கு நேரா ஒரு லைன் போட்டுக் குடுங்க." அடுத்தடுத்து இன்னும் சிலர் வந்தார்கள். எல்லோரும் கேட்டது அதே நேர் லைன். எல்லார் வீட்டிலும் அதே ஈரத் தரை, அதே பழைய ஃப்ரீசர். அண்ணன் பெயரைக் காப்பாற்ற நான் வாய்மூடினால் அதுவே அவர்களுக்கு எமனாகும்.

குடியிருப்பில் அண்ணனுக்காகப் போடும் இந்த நினைவு மலருக்கு என்னை எழுதக் கேட்டபோது அக்காவிடம் அனுமதிக்குப் போனேன். அவர் சொன்னார். "எழுதுங்க தம்பி. நல்லவருன்னு மட்டும் எழுதுனா, பக்கத்து வீட்டுல ஒருத்தி என்னைய மாதிரி உக்காருவா. அவிய மேல எனக்கும்தான் கோவம்."

எழுதிவிட்டேன். குடியிருப்பில் உள்ளவர்கள் படிக்கட்டும். அமலண்ணன் காரேஜில் அந்தப் பாயிண்ட்டுக்கு இ.எல்.சி.பி. இல்லை. அவரே எடுத்துவிட்டார். இருந்திருந்தால் அது அன்றும் விழுந்திருக்கும், அவர் திட்டிக்கொண்டே காரேஜைக் கழுவி முடித்திருப்பார்.

அனுமதி கேட்கப் போன அன்று நான் கிளம்பும்போது அக்கா என் கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். அண்ணன் போன அன்றைக்குக் கரண்டை நிறுத்தியதுமே அக்கம்பக்கத்துப் பெண்கள் மீனையெல்லாம் தங்கள் ஃப்ரீசர்களுக்கு மாற்றிவிட்டார்களாம். வஞ்சிரத் துண்டுகள், கல் மாதிரி உறைந்து, மேலே அண்ணனின் எழுத்தில் என் பெயர். வீட்டில் பிரித்துப் பார்த்த என் மனைவி அதை அப்படியே சமையல் மேடையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மீன் கெடவில்லை, அண்ணே. போய் வாருங்கள்.